டவர் போனாலும் செய்தி போகட்டும்: வேலூரில் அவசரகால ஹாம் நிலையம் அமைக்க ஒரு வழிகாட்டி

2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு ஹாம் ரேடியோ (உரிமம் பெற்ற தனிநபர்கள் செல்போன் டவர் இல்லாமலே நேரடியாகப் பேசிக்கொள்ளும் வயர்லெஸ்) எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. கரண்ட் போனால் செல்போன் டவரின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அதற்குப் பிறகு டீசல் போய்ச் சேர வேண்டும். பாலம் உடைந்தால் டீசலும் போகாது, பாலத்தை ஒட்டிக் கட்டியிருக்கும் ஃபைபர் கேபிளும் அறுந்துபோகும்.

ஹாம் நிலையம் அமைக்கத் தேவையான தகவல் எல்லாம் எங்கெங்கோ சிதறிக் கிடக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் புதிதாகத் தொடங்குகிறவர் எதை முதலில் செய்ய வேண்டும், எங்கே மாட்டிக்கொள்வார், எவ்வளவு செலவாகும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். உரிமம் கைக்கு வர மாதக் கணக்கில் ஆகலாம். அதனால் இந்த வருட மழைக்குத் தயாராக வேண்டும் என்றால் பொங்கல் முடிந்த கையோடு வேலையைத் தொடங்குங்கள்.

1. முதலில், உங்கள் வேலை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

போலீஸ், தீயணைப்புத் துறைகளுக்குத் தனி அலைவரிசை, தனி ரிப்பீட்டர், தனி ஆட்கள் உண்டு. ரிப்பீட்டர் என்பது மலை உச்சியிலோ உயரமான கட்டடத்திலோ உட்கார்ந்து, கீழிருந்து வரும் பேச்சை வாங்கி அதிக பலத்தோடு திருப்பி அனுப்பும் கருவி. அந்த ஒன்று மின்சாரம் இல்லாமலோ இடி விழுந்தோ நின்றுவிட்டால், கீழே இருக்கும் வயர்லெஸ் செட்டுகள் எல்லாம் பக்கத்துத் தெரு வரைக்கும்தான் பேசும். மழை நேரத்தில் எல்லோரும் ஒரே சேனலில் பேச முண்டியடிப்பதும் உண்டு.

இந்த இடத்தில்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஹாம் ஆபரேட்டர் போலீஸ் அலைவரிசைக்குள் போய்ப் பேசி உதவ மாட்டார். பேசக்கூடாது, அது குற்றம். போலீசும் ஹாம் அலைவரிசைக்கு வர மாட்டார்கள். இரண்டு வலையும் சேரும் இடம் ஒரு மேஜைதான். கட்டுப்பாட்டு அறையில் போலீஸ் மைக் ஆபரேட்டர் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார், ஹாம் ஆபரேட்டர் அடுத்த நாற்காலியில் இருப்பார். நடுவில் ஒரு துண்டுச் சீட்டு கை மாறும். போலீஸ் செட் இல்லாத நிவாரண முகாம், ஆரம்ப சுகாதார நிலையம், மலை கிராமம் ஆகியவற்றிலிருந்து அந்த மேஜைக்குச் செய்தியைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் நம் வேலை. இனி வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு வேலைக்காகத்தான்.

2. தேர்வுக்கு விண்ணப்பம்

இந்தியாவில் ஹாம் ரேடியோவை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. (வயர்லெஸ் திட்டமிடல், ஒருங்கிணைப்பு) பிரிவு கவனிக்கிறது. விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளத்தில். வயது 12 நிரம்பியிருக்க வேண்டும். ரெஸ்ட்ரிக்டெட், ஜெனரல் என்று இரண்டு நிலை. ஜெனரலுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் செய்தி அனுப்பும் முறை) தேர்வும் உண்டு. புதியவர்கள் ரெஸ்ட்ரிக்டெட் எழுதினால் போதும். அவசரகால வேலைக்கு அதுவே தாராளம்.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: பாஸ்போர்ட் அளவு போட்டோ, கையெழுத்து ஸ்கேன், பிறந்த தேதிச் சான்று, அடையாளச் சான்று, முகவரிச் சான்று.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் சிக்குவது இனிஷியலில். ஆதாரில் "முருகன் கே", பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கே. முருகன்", பான் கார்டில் அப்பா பெயரே பின்னால் முழுசாக ஒட்டியிருக்கும். விண்ணப்பத்தில் எதை எழுதுகிறீர்களோ அதேதான் கடைசியில் உரிமத்திலும் வரும். எந்த ஆவணத்தை இணைக்கிறீர்களோ அதில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதுங்கள். இரண்டு ஆவணங்களில் பெயர் வேறுவேறாக இருந்தால், முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு வாருங்கள். பாதியில் திருப்பி அனுப்பப்பட்டால் போகும் நாட்களை விட இது குறைவு.

முகவரியும் அப்படித்தான். ஆன்டெனா எந்த வீட்டு மாடியில் நிற்கப் போகிறதோ அந்த முகவரியைக் கொடுங்கள். படிப்புக்காக காட்பாடியில் தங்கியிருப்பவர் சொந்த ஊர் முகவரியைக் கொடுத்துவிட்டுப் பிறகு தவிப்பது சாதாரணமாக நடக்கிறது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் மாடியில் ஆன்டெனா கட்டச் சம்மதம் என்று இப்போதே ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

தேர்வுக் கட்டணம் 100 ரூபாய், உரிமத்துக்கு 20 ஆண்டுக்கு 1,000 ரூபாய், ஆயுள் உரிமத்துக்கு 2,000 ரூபாய் என்பது நெடுநாளாக இருந்துவந்த கணக்கு. பணம் கட்டும் அன்று தளம் காட்டும் தொகையையே கட்டுங்கள். பாரத்கோஷ் (மத்திய அரசுக்குப் பணம் கட்டும் தளம்) ரசீதை உடனே பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள்; பிறகு தேடினால் கிடைக்காமல் அலைய நேரிடும்.

3. தேர்வு

ஒரே தாள், இரண்டு பகுதி, பகுதிக்கு 50 மதிப்பெண். ஒன்று ரேடியோ தியரி, மற்றது விதிமுறைகள். ரெஸ்ட்ரிக்டெட் தேற, பகுதிக்கு 40 சதவீதமும் மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். தியரியை விழுந்து விழுந்து படித்துவிட்டு விதிமுறைகளைப் புரட்டாமல் போய்த் தோற்பவர்கள்தான் அதிகம். கியூ கோடுகள் (கியூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள்), ஆல்ஃபா பிராவோ எழுத்து முறை (ஏ-க்கு ஆல்ஃபா, பி-க்கு பிராவோ என்று சொல்வது), எந்த அலைவரிசை நமக்கு, என்ன பேசக்கூடாது ஆகிய நான்கையும் மனப்பாடமாக வைத்திருங்கள். தியரியில் ஓம் விதி, ரெசனன்ஸ், மாடுலேஷன், ஆன்டெனா நீளக் கணக்கு இவை கைவசம் இருந்தால் போதும்.

சென்னையின் வயர்லெஸ் கண்காணிப்பு நிலையம் பெருங்குடியில் இருக்கிறது. காட்பாடியிலிருந்து ரயிலில் சென்ட்ரல் இறங்கி, எதிரே பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் பிடித்தால் பெருங்குடி வரை போகலாம். ஆனாலும் ஹால் டிக்கெட்டில் என்ன முகவரி போட்டிருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். அசல் அடையாள அட்டை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

4. உரிமம் வேறு, சான்றிதழ் வேறு

தேர்வில் தேறினால் வருவது ஏ.எஸ்.ஓ.சி. என்ற ஆபரேட்டர் சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு பேசத் தொடங்கக் கூடாது. அதே தளத்தில் நிலைய உரிமத்துக்குத் தனியாக விண்ணப்பித்து, கால்சைன் (உங்கள் நிலையத்தின் அடையாளப் பெயர்) வந்த பிறகுதான் மைக்கைத் தொட வேண்டும். ரெஸ்ட்ரிக்டெட் என்றால் வி.யூ.3 என்று தொடங்கும், ஜெனரலுக்கு வி.யூ.2. விண்ணப்பித்த பின் காவல் நிலையத்திலிருந்து விசாரிக்க ஆள் வரலாம். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் விஷயத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "வயர்லெஸ்ஸா? எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று அவர்கள் பயந்துபோய்ச் சொன்னால் விண்ணப்பம் தேங்கும்.

காத்திருக்கும் நாட்களில், ஏற்கெனவே உரிமம் உள்ள ஒருவரின் நிலையத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஹாம் அலைவரிசைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் பேச்சு நடை கைவரும். சென்னையின் மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி, ஐதராபாத்தில் இருக்கும் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம் போன்றவற்றின் பயிற்சிகளையும் விசாரியுங்கள்.

5. செட் வாங்குவது

உரிமம் வருவதற்கு முன் செட் வாங்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று ஆன்லைனில் வாங்கி, போலீஸ் அலைவரிசையும் சேர்ந்தே திறந்திருக்கும் வாக்கி டாக்கியைக் கையில் வைத்திருந்தால் அதற்கு விளக்கம் சொல்ல முடியாது. வாக்கி டாக்கிகளை ஆன்லைனில் விற்பதற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் வழிகாட்டு நெறிகளே வெளியிட்டிருக்கிறது. உரிம நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, உங்கள் பெயரில் பில் போட்டு, இ.டி.ஏ. என்ற உபகரண வகை ஒப்புதல் உள்ள செட்டைக் கொடுக்கும் கடைக்காரரிடம் போங்கள். வாக்கி டாக்கி கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் தவிர வேறெங்கும் டிரான்ஸ்மிட் ஆகாதபடி பூட்டிவிடுங்கள்.

இரண்டு விதமான செட் தேவைப்படும். வி.எச்.எஃப். (மேலே சொன்ன 144 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) வாக்கி டாக்கி ஊருக்குள் பேச. எச்.எஃப். (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) செட் மலை தாண்டிப் பேச. புதிய 100 வாட் எச்.எஃப். செட் லட்ச ரூபாயை ஒட்டியோ தாண்டியோ போகும். நாலைந்து பேர் சேர்ந்தால் ஆளுக்கொரு வாக்கி டாக்கி, குழுவுக்கு ஒரு எச்.எஃப். நிலையம் என்று தொடங்கலாம். பழைய செட் வாங்கினால் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் சோதனைக் கருவி) போட்டுப் பத்து நிமிடம் டிரான்ஸ்மிட் செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

6. ஆன்டெனா: மலைகளுக்கு நடுவில் இருக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்

வேலூரின் நில அமைப்பே இங்கே பெரிய பிரச்சினை. ஒரு பக்கம் ஜவ்வாது மலை, அந்தப் பக்கம் ஏலகிரி, ஊருக்குள்ளேயே பாறைக் குன்றுகள். வி.எச்.எஃப். அலை நேர்க்கோட்டில் போகும். சத்துவாச்சாரி மாடியிலிருந்து ஆற்றைத் தாண்டி காட்பாடிக்குப் பேசுவது எளிது. அதே 5 வாட்டை வைத்து அணைக்கட்டு தாலுகாவின் பீஞ்சமந்தைக்கோ ஜார்த்தான்கொல்லைக்கோ பேச முடியாது, நடுவில் மலை நிற்கிறது. செல்போன் சிக்னலே திண்டாடும் இந்த மலை கிராமங்களுக்குத்தான் நம் உதவி அதிகம் தேவைப்படும்.

வி.எச்.எஃப். பக்கம் செய்ய வேண்டியது எளிது. கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா: நடுக்கம்பி 49 செ.மீ., கீழே 45 டிகிரி சரிவாக 51 செ.மீ. கம்பி நான்கு. செலவு சில நூறு ரூபாய். காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் கேபிள். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிளை 20 மீட்டர் இழுத்தால், நீங்கள் விடும் 5 வாட்டில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 2 வாட்தான். தடித்த ஆர்.ஜி.213 போட்டால் 3 வாட்டுக்கு மேல் சேரும். கனெக்டர் மூட்டில் தண்ணீர் இறங்கினால் இரண்டுமே வீண். செல்ஃப் அமால்கமேட்டிங் (தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும்) ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

மலை தாண்ட 40 மீட்டர் பேண்ட், அதாவது 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ். இங்கே ஆன்டெனாவை எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். தாழக் கட்டிய டைபோல் (நடுவில் கேபிள் சேரும், இரு பக்கமும் நீளும் ஒயர் ஆன்டெனா) அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பும். அது வானில் அயனி மண்டலத்தில் பட்டு மழை போல் நேராகக் கீழே இறங்கும். நடுவில் எத்தனை மலை இருந்தாலும் கவலையில்லை. பகலில் 300, 400 கிலோமீட்டர் சுற்றுவட்டாரம் முழுவதும், பள்ளத்தாக்கு உட்பட, கேட்கும். மேலே தூக்கிக் கட்டினால் தூரத்து நாடுகள் கேட்கும், சென்னையும் குடியாத்தமும் மங்கிப்போகும்.

செய்முறை: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில். 7.1-க்கு ஏறக்குறைய 20.1 மீட்டர், பக்கத்துக்கு 10 மீட்டருக்குச் சற்று மேல். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மி.மீ. காப்பர் ஒயரே போதும். பக்கத்துக்கு 10.3 மீட்டர் வெட்டுங்கள். மாடிப்படி ஹெட்ரூமில் ஒரு ஜி.ஐ. பைப் நட்டு, தரையிலிருந்து 6 மீட்டரில் நடுப்புள்ளியைக் கட்டி, இரு முனைகளையும் தலைக்கு எட்டாத உயரத்தில் சரிவாக இழுங்கள். நடுப்புள்ளிக்குக் கீழே கேபிளையே 20 செ.மீ. விட்டத்தில் பத்துச் சுற்று சுற்றினால், அலை கேபிளின் மேல் வழியாகச் செட்டுக்குத் திரும்பாமல் தடுக்கும் சுருளாக (சோக்) அது வேலை செய்யும். பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி) எந்த அலைவரிசையில் மிகக் குறைவாகக் காட்டுகிறது என்று பாருங்கள். அது 6.9-இல் இருந்தால், 10.3-ஐ 6.9-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுங்கள்: 10.01 வரும். இரு பக்கமும் அந்த அளவுக்குக் குறையுங்கள். உறை போட்ட ஒயரும் சரிவாக இழுத்த ஒயரும் கணக்கை விடச் சற்றுக் குட்டையாகத்தான் பொருந்தும். அதனால்தான் நீளமாகத் தொடங்கச் சொல்கிறேன். வெட்டியதை ஒட்ட முடியாது. ஒரேயடியாக வெட்டாமல் முனையை மடித்து மடித்துப் பாருங்கள்.

இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ஊர்களைக் கைவிடத் தொடங்கும்போது 3.6 பக்கம் இறங்க வேண்டும். அதற்கு மொத்தம் 40 மீட்டர் ஒயர் வேண்டும். தெரு வீட்டில் இடம் இருக்காது. அருகில் இருக்கும் பள்ளி மைதானத்தை இப்போதே பார்த்து வையுங்கள்.

மின்வாரியக் கம்பி விழுந்தாலும் தொடாத தூரத்தில் ஒயரைக் கட்டுங்கள். மழையில் எடுத்துக் கட்டும் வேலைக்கு ஒருவர் தனியாக மாடி ஏறக்கூடாது. இடி இடித்தால் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

7. மின்சாரம்

கரண்ட் இல்லாதபோது பேசத்தான் இத்தனையும். ஆனால் பலர் கடைசியில் யோசிப்பது இதை.

100 வாட் செட் பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும், கேட்கும்போது 1 ஆம்பியர். ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேசுகிறீர்கள் என்று வைத்தால் சராசரி 4.8 ஆம்பியர், 24 மணி நேரத்துக்கு 115 ஆம்பியர்-ஹவர். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் போய்விடும், ஆகவே 230 வேண்டும். பவரை 25 வாட்டுக்குக் குறைத்தால் பேசும்போது 10 ஆம்பியர் அளவில்தான் இழுக்கும், சராசரி 2.8, ஒரு நாளைக்கு 67. நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்கு இருக்கும் 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரியே ஒரு நாள் ஓட்டிவிடும். மாவட்டத்துக்குள் பேச 25 வாட் தாராளம்.

இன்வெர்ட்டரின் 230 வோல்ட் பிளக்கில் செட்டின் அடாப்டரைச் சொருகாதீர்கள். இன்வெர்ட்டர் கிளப்பும் இரைச்சலில் எதுவும் கேட்காது. பேட்டரி முனையிலிருந்தே நேராக 12 வோல்ட் எடுங்கள். பாசிட்டிவ் முனைக்குச் சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஒயர் 6 சதுர மி.மீ. இருக்கட்டும். 2.5 ஒயரை 3 மீட்டர் இழுத்தால் 20 ஆம்பியரில் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். கேட்கும்போது செட் நன்றாக இருக்கும், மைக்கை அழுத்தியதும் அணைந்துபோகும். செட்டில் கோளாறு என்று நினைத்துச் சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

ஓய்வில் 12.7 வோல்ட் என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி. வேலூர் வெயிலில் டிஸ்டில்டு வாட்டர் சீக்கிரம் குறையும். அக்னி நட்சத்திரம் முடிந்ததும் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை தண்ணீர் அளவைப் பாருங்கள்.

8. ஆட்சியர் அலுவலகத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும்

தயாராக இருக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாவிட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். மூன்றாம் நபரின் செய்தியை ஹாம் வழியே அனுப்ப, பேரிடர் நேரத்தில் ஆட்சியர் போன்ற தகுதியுள்ள அதிகாரி கேட்டுக்கொள்வது முறை. ஆகவே ஒரு பக்கக் கடிதம் தயார் செய்யுங்கள்: உரிமம் உள்ளவர்களின் பெயர், கால்சைன், தொலைபேசி எண், ஊர், என்ன செட், கரண்ட் இல்லாமல் எத்தனை மணி நேரம். உரிம நகல்களை இணையுங்கள். அதைச் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். திங்கள்கிழமை குறைதீர்வு நாள், கூட்டத்தில் பேச நேரம் கிடைக்காது. வேறு நாளில் போங்கள். பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டங்களுக்கு முன், ஆகஸ்டுக்குள் கொடுத்துவிடுங்கள். நகல்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் உங்கள் தாசில்தாருக்கும். அதிகாரிகள் மாறுதலாகிப் போவார்கள், ஆகவே வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலத்துக்கு, 108 ஆம்புலன்ஸ், 112 பொது அவசர எண். போன் வேலை செய்யும் வரைக்கும் போன்தான். அரக்கோணத்தில் தேசிய பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் இருக்கிறது. அவர்களை அழைப்பது மாவட்ட நிர்வாகத்தின் வேலை, நாம் நேரடியாக முயலக் கூடாது.

9. செய்தி எப்படி அனுப்புவது

நல்ல செட், நல்ல ஆன்டெனா எல்லாம் இருந்தும் செய்தி கெட்டுப்போவது இங்கேதான். பேசுவதற்கு முன் எழுதுங்கள். எழுதாத செய்தியை அனுப்பாதீர்கள். ஒரு நோட்டில் இப்படி:

செய்தி எண் 7. அவசரம். நேரம் 16:40. அனுப்புபவர்: முகாம் பொறுப்பாளர், அரசு மேல்நிலைப் பள்ளி, இன்ன ஊர், குடியாத்தம் தாலுகா. பெறுபவர்: ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை. செய்தி: முகாமில் 160 பேர். நிறைமாதக் கர்ப்பிணி 2. குடிநீர் 20 லிட்டர் கேன் 60 தேவை. தெற்குப் பாதை மூடல், வடக்கு வழி திறப்பு.

அறுபதும் எழுபதும் இரைச்சலில் ஒன்றாகவே கேட்கும். எண்ணை "ஆறு, சைபர்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். எதிர்முனை முழுவதையும் திருப்பிப் படிக்க வேண்டும். தவறு இருந்தால் அந்த வரியை மட்டும் மறுபடி சொல்லுங்கள். புதூர், ராமாபுரம் என்ற பெயரில் ஊர்கள் பல இருக்கும். தாலுகா பெயர் சேர்க்காமல் ஊர்ப் பெயர் சொல்லாதீர்கள், லாரி வேறு ஊருக்குப் போய்விடும். முகாம் பொறுப்பாளர் எழுதிய வாசகத்தை உங்கள் இஷ்டத்துக்குச் சுருக்காதீர்கள்.

ஹாம் அலைவரிசையில் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ரகசிய சங்கேதம் பயன்படுத்தவும் அனுமதி இல்லை. இறந்தவர் பெயர், காயம்பட்டவர் விவரம் ஆகியவற்றை ஆன் ஏரில் சொல்லவே கூடாது. வீட்டாருக்கு முன் ஊருக்குத் தெரிந்துவிடும்.

ஒருவர் நெட் கண்ட்ரோலாக, அதாவது யார் எப்போது பேசுவது என்று நடத்துபவராக, இருக்க வேண்டும். அவர் கூப்பிட்டால் பேசுங்கள், இல்லையென்றால் கேளுங்கள். எச்.எஃப்.-இல் நம் பகுதிக்கான அவசரகால மைய அலைவரிசைகள் 3.600, 7.110, 14.300 மெகாஹெர்ட்ஸ். அங்கே அவசரப் பேச்சு நடந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். ரிப்பீட்டர் வழியே பேசும்போது 600 கிலோஹெர்ட்ஸ் ஷிஃப்டும் (கேட்கும், பேசும் அலைவரிசைகளுக்கு இடையிலான வித்தியாசம்) டோனும் (ரிப்பீட்டரைத் திறக்கும் ஒலி) சரியாகப் போட்டிருக்கிறதா என்று முன்பே பாருங்கள். ரிப்பீட்டர் இல்லாமல் பேச ஒரு சிம்ப்ளெக்ஸ் அலைவரிசையையும் குழுவில் எல்லோர் செட்டிலும் ஏற்றி வையுங்கள், ரிப்பீட்டரும் விழலாம்.

10. ஒத்திகை

மாதம் ஒரு ஞாயிறு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் பேட்டரியில் ஓட்டுங்கள். அப்போதுதான் தெரியும்: பக்கத்து வீட்டு எல்.இ.டி. விளக்கால் எவ்வளவு இரைச்சல் வந்துகொண்டிருந்தது, எந்த வாக்கி டாக்கியின் பேட்டரி ஒரு மணி நேரத்தில் படுக்கிறது, யார் வீட்டில் சார்ஜர் காணாமல் போயிருக்கிறது. ஊர் வரைபடத்தை அச்செடுத்து, வி.எச்.எஃப். எங்கிருந்து எங்கே கேட்கிறது என்று குறித்து வாருங்கள். பாலாற்றின் இரு கரையிலும், பொன்னை பக்கத்திலும், மோர்தானா அணைக்குக் கீழே குடியாத்தம் சுற்றிலும் இதைச் செய்து முடியுங்கள். கேட்காத இடங்களுக்குச் சிவப்பு மை. அங்கே யாரை நிறுத்தி, செய்தியைக் கேட்டு அடுத்தவருக்குக் கடத்துவது (ரிலே) என்பதை மழைக்கு முன்பே பேசி முடியுங்கள்.

தேதி, நேரம், அலைவரிசை, கால்சைன் ஆகியவற்றை ஒத்திகையிலும் லாக் புத்தகத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் அந்த வரைபடத்தின் நகல் ஒன்றைப் பேரிடர் மேலாண்மைத் தாசில்தாரின் கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்து வாருங்கள்.